டிரான்ஸிட் மிக்சர் டிரம்மில் இறுகிய கான்கிரீட்: கண்டறிதல், உடைத்தல், மறுபடி பிடிக்காமல் பார்த்தல்

ஒரு கன மீட்டர் கான்கிரீட்டின் எடை ஏறக்குறைய 2,400 கிலோ. கான்கிரீட்டைச் சுற்றும் டிரம்மில் சுமந்து செல்லும் வண்டிதான் டிரான்ஸிட் மிக்சர். 6 கன மீட்டர் வண்டியின் டிரம்முக்குள் ஒரு டன் பழைய கான்கிரீட் ஒட்டியிருக்கிறது என்றால், 0.4 கன மீட்டருக்கு மேல் இடம் போய்விட்டது என்று பொருள். அந்த ஒரு டன்னையும் ஒவ்வொரு டிரிப்புக்கும் டீசல் ஊற்றிச் சுமக்கிறோம். இடமும் டீசலும் போவதைவிடப் பெரிய இழப்பு பிளேடில் இருக்கிறது. டிரம்முக்குள் திருகாணி போலச் சுற்றிச் செல்லும் இரண்டு பிளேடுகளின் அடிப்பகுதி நிரம்பிவிட்டால் கலவை மேலும் கீழும் புரளாது, வழுக்கிக்கொண்டே சுற்றும். முதலில் கொட்டுவது தண்ணியாகவும் கடைசியில் வருவது வெறும் ஜல்லியாகவும் இருப்பதற்கு, பேட்சிங்கில் (பிளான்டில் பொருள்களை அளந்து போடுவதில்) தப்பில்லை என்றால், முதலில் பார்க்க வேண்டிய இடம் டிரம்மின் உள்பக்கம்தான்.

உடைத்து எடுப்பது பாதி வேலை. எந்த இடத்தில் ஒட்டியிருக்கிறது என்று பார்த்து, ஏன் அங்கே ஒட்டியது என்று கண்டுபிடிப்பது மீதிப் பாதி. இதைச் செய்யாமல் உளியை எடுத்தால் சில மாதங்களில் அதே இடத்தில் அதே உளியோடு நிற்க வேண்டியிருக்கும்.

எவ்வளவு இருக்கிறது என்று அளப்பது

கண்ணால் பார்த்துச் சொல்லும் கணக்கு எப்போதும் குறைவாகத்தான் வரும். எடைமேடையை நம்புங்கள். வண்டி புதிதாக வந்தபோது, அல்லது கடைசியாக முழுச் சுத்தம் செய்தபோது எடுத்த காலி எடை கையில் இருக்க வேண்டும். மாதம் ஒருமுறை அதே நிலையில் மறுபடி எடை போடுங்கள். அதே நிலை என்பது முக்கியம்: டீசல் டேங்க் நிறைந்து, தண்ணீர்த் தொட்டி காலியாகி, டிரைவர் இறங்கி. 200 லிட்டர் டீசலே 170 கிலோ வரும். தண்ணீர்த் தொட்டியை மறந்தால் இன்னும் சில நூறு கிலோ தப்பாகும்.

வித்தியாசம் 200 கிலோவுக்குள் இருந்தால் ஜல்லியும் தண்ணீரும் போட்டுச் சுற்றும் ஜல்லிக் கழுவலிலேயே பெரும்பாலும் சரியாகும். 300 முதல் 500 கிலோ என்றால் உடைக்கும் வேலைக்குத் தேதி குறித்துவிடலாம். ஒரு டன் ஆகும்வரை காத்திருப்பது கஞ்சத்தனம் போலத் தெரியும், உண்மையில் ஊதாரித்தனம். 50 மி.மீ. படலத்தை ஒரு நாளில் எடுத்துவிடலாம். 200 மி.மீ. ஆனால் நாட்கணக்கில் ஆகும், பிளேடும் சேர்ந்து அடிவாங்கும்.

எடைமேடை இல்லாத இடத்தில் ஒரு கிலோ சுத்தியலால் டிரம்மை வெளியிலிருந்து தட்டிப் பாருங்கள். வெறும் தகடு மணி போல ஒலிக்கும். கான்கிரீட் ஒட்டிய இடம் மணியோசை இல்லாமல் ‘தொப்’பென்று கேட்கும். சாக்பீஸால் குறித்துக்கொண்டே டிரம்மைச் சுற்றி வந்தால் உள்ளே போகாமலே ஒரு வரைபடம் கிடைத்துவிடும்.

ஒட்டிய இடம் சொல்லும் காரணம்

டிரம்மின் முன்பக்கம், கியர்பாக்ஸ் ஒட்டிய வட்டத்தில் கெட்டியாகப் பிடித்திருந்தால் லோடிங் வரிசையில் கோளாறு. தண்ணீர் போகும் முன்பே சிமெண்டும் மணலும் முன்மூலையில் போய் அடைத்துக்கொண்டிருக்கின்றன. பிளான்டிலேயே கலந்து ஏற்றும் இடங்களில் இது குறைவு. உலர்ந்த பொருளை நேராக டிரம்மில் கொட்டுகிற பிளான்டில் அதிகம். முதலில் தண்ணீரில் கால் பங்கும் கொஞ்சம் ஜல்லியும் போக வேண்டும். அதன் பிறகுதான் மற்ற எல்லாம் சேர்ந்தாற்போல. டிரம் முழு வேகத்தில் சுற்றிக்கொண்டிருக்க வேண்டும்.

பிளேடுகளின் முதுகுப்பக்கம் முழுக்கப் பிடித்திருந்தால் தினக் கழுவல் ஒரே திசையில் மட்டும் நடக்கிறது. டிரம்மின் நீளவாக்கில் ஒரே ஒரு பட்டையாக இருந்தால் இன்னும் தெளிவு: கழுவாமலோ அரைகுறையாகக் கழுவியோ டிரம்மை நிறுத்திவிட்டுப் போயிருக்கிறார்கள், மிச்சம் அடியில் தேங்கி அப்படியே இறுகிவிட்டது. அது ஒரு இரவின் கைவேலை.

வாய்ப்பக்கம், கடைசி இரண்டு மூன்று பிளேடு சுற்றில் இருந்தால் ஸ்லம்ப் (இளக்கம்) குறைவான கெட்டிக் கலவை அடிக்கடி போகிறது, அல்லது அளவுக்கு மேல் ஏற்றுகிறார்கள், கழுவும் தண்ணீர் அதுவரை எட்டுவதில்லை. மேன்ஹோல் (டிரம்மின் பக்கவாட்டில் ஆள் நுழையும் துளை) மூடியைச் சுற்றி மட்டும் இருந்தால் கேஸ்கட் போய் சிமெண்ட் பால் கசிகிறது. பிளேடின் மேல் விளிம்பு தேய்ந்து மெலிந்திருந்தால் எங்கு வேண்டுமானாலும் ஒட்டும். அங்கே எவ்வளவு கழுவினாலும் பயனில்லை, வெல்டரைத்தான் கூப்பிட வேண்டும்.

மெல்லிய படலத்துக்கு ஜல்லிக் கழுவல்

10 மி.மீ. வரையான படலத்துக்கு, அதுவும் ஓரிரு வாரத்துக்குள் ஒட்டியதற்கு, ஆள் உள்ளே போகத் தேவையில்லை. ஒரு டன் 20 மி.மீ. ஜல்லியும் 600 முதல் 800 லிட்டர் தண்ணீரும் ஏற்றுங்கள். கலக்கும் திசையில் முழு வேகத்தில், நிமிடத்துக்கு 12 முதல் 14 சுற்று, 20 நிமிடம் ஓடட்டும். பிறகு கொட்டும் திசையில் மாற்றி, ஜல்லி வாய்க்கு அருகே வரும்வரை கொண்டுவந்து, விழுவதற்கு முன் மறுபடி உள்ளே இழுங்கள். இப்படி ஐந்தாறு தடவை. பிளேடின் முதுகையும் வாய்ப்பக்கத்தையும் தேய்ப்பது இந்தப் போய்வரவுதான். மொத்தம் ஒரு மணி நேரம். கொட்டிய ஜல்லியைச் சலித்தால் அடுத்த கழுவலுக்கும் ஆகும்.

ஆசிட் வேண்டாம்

கடையில் கிடைக்கும் ஹைட்ரோகுளோரிக் ஆசிட் சிமெண்டைக் கரைக்கும் என்பது உண்மை. டிரம்முக்குள் ஊற்ற அது ஒரு காரணமாகாது. கையளவு கனத்தில் இருக்கும் கான்கிரீட்டின் மேல்தோலை நுரைத்துவிட்டு ஆசிட் செத்துப்போகும். வெறும் தகடு இருக்கும் இடத்திலோ இரும்பைத் தின்று ஹைட்ரஜனை வெளியிடும். அந்த நிலையில் உள்ளே வெல்டிங் பொறி பட்டால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. மீந்த குளோரைடு அடுத்த லோடில் கலக்கும். இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 456 கம்பிக் கான்கிரீட்டுக்கு அனுமதிக்கும் மொத்த குளோரைடு கன மீட்டருக்கு 0.6 கிலோதான்.

சர்க்கரை அமிலங்களின் உப்பு போன்ற மென்மையான கரைப்பான்கள் கடையில் உண்டு. சூட் (கொட்டும் சரிவுத் தகடு), ஹாப்பர் (ஏற்றும் புனல்), ஏணி, மட்கார்டு ஆகியவற்றில் படிந்த மெல்லிய படலத்துக்கு அவை நல்லவை. தெளித்து, காயவிடாமல் அரைமணி நேரம் ஈரமாக வைத்து, பிரஷ் போட்டு, பிரஷர் வாஷரால் அடித்தால் போகும். 10 மி.மீ.க்கு மேல் இருந்தால் பணம்தான் கரையும்.

உள்ளே போய் உடைப்பது

இங்கிருந்து வேலையின் தன்மையே மாறுகிறது. மிக்சர் டிரம் ஓர் அடைபட்ட இடம். ஆள் போய்வர ஒரே சின்ன வழி, சத்தம் எதிரொலிக்கும் தகடு, தலைக்கு மேல் தொங்கும் கட்டிகள், சுற்றக்கூடிய தரை. இதில் ஆளை இறக்குவதற்கு எழுத்தில் அனுமதிச் சீட்டு இல்லாமல் எந்த பிளான்டிலும் வேலை தொடங்கக் கூடாது.

*டிரம்மைப் பிணமாக்குவது.* இன்ஜினை அணைத்து, சாவியை எடுத்து, உள்ளே போகிறவர் தன் பையில் போட்டுக்கொள்ள வேண்டும். சூப்பர்வைசரிடம் கொடுப்பது போதாது. பேட்டரி கேபிளைக் கழற்றுங்கள். டிரம்மைச் சுற்ற தனி இன்ஜின் வைத்த வண்டிகள் இன்னும் ஓடுகின்றன. அங்கே இரண்டு இன்ஜினையும், இரண்டு சாவியையும், பின்பக்கக் கண்ட்ரோல் லீவரையும் சேர்த்துப் பூட்ட வேண்டும்.

பலர் இத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். இன்ஜின் அணைந்தாலும் டிரம் சுற்றும். ஒட்டிய கான்கிரீட் ஒரு பக்கம் மட்டும் இருப்பதால் டிரம் சமநிலையில் இல்லை. ஹைட்ராலிக் மோட்டாரின் உள்கசிவு அதை மெதுவாக நகரவிடும். ஒரு பக்கத்தை உடைத்து எடுக்க எடுக்க மறுபக்கம் கனத்துக்கொண்டே வரும். ஆகவே டிரம்மைச் சங்கிலியும் ராட்செட்டும் போட்டுச் சேஸியோடு இரண்டு பக்கமும் இழுத்துக் கட்டுங்கள். பின் உருளைகளுக்கும் டிரம் வளையத்துக்கும் இடையே கட்டை ஆப்பு அடியுங்கள். கட்டிய பிறகு இரண்டு பேர் தள்ளிப் பார்க்க வேண்டும்.

*காற்று.* மேன்ஹோல் மூடியைக் கழற்றி, அங்கே ஓர் உறிஞ்சும் மின்விசிறியை வைத்தால் நல்ல காற்று டிரம்மின் வாய் வழியே உள்ளே வந்து, தூசி மேன்ஹோல் வழியே வெளியேறும். அதே வழியாக ஆளும் போய்வருவதால் குழாய் வடிவ டக்டைப் பக்கவாட்டில் செருகும்படி இருந்தால் வசதி. உள்ளே போகுமுன் மீட்டரால் ஆக்சிஜன் அளந்து பாருங்கள், 19.5 சதவீதத்துக்குக் குறைந்திருந்தால் இறங்கக் கூடாது. காற்றுச் சுத்தியலை ஓட்டும் கம்ப்ரஸரை வாய்க்கு அருகே நிறுத்தாதீர்கள். அதன் புகையைத்தான் விசிறி உள்ளே இழுக்கும்.

*வெளிச்சம்.* 230 வோல்ட் பல்பைத் தொங்கவிடுவது வழக்கமாகிவிட்டது. ஈரமான இரும்பு டிரம்முக்குள் அது உயிரோடு விளையாடுவது. 1948 தொழிற்சாலைச் சட்டத்தின் 36-ஏ பிரிவே இத்தகைய இடங்களில், உரிய பாதுகாப்புச் சாதனம் இல்லாமல், 24 வோல்ட்டுக்கு மேற்பட்ட கைவிளக்கைத் தடுத்தது. சார்ஜ் போடும் எல்.இ.டி. விளக்கு போதும்.

*தூசி.* சிமெண்டைவிட மணலும் ஜல்லியும்தான் இதில் ஆபத்து. கருங்கல்லிலும் எம்-சாண்டிலும் (கல்லை அரைத்த மணல்) குவார்ட்ஸ் இருக்கிறது. அதை உடைக்கும்போது கண்ணுக்குத் தெரியாத சிலிக்கா தூசி எழும். அமெரிக்காவின் தொழிலாளர் பாதுகாப்பு அமைப்பான ஓஷா 2016இல் எட்டு மணி நேர வேலைக்கான வரம்பைக் கன மீட்டர் காற்றுக்கு 50 மைக்ரோகிராம் என்று குறைத்தது. டிரம்முக்குள் உலர்வாக உடைத்தால் இதைப் பல மடங்கு தாண்டிவிடும். அந்தத் தூசியால் நுரையீரலில் வரும் சிலிக்கோசிஸுக்கு மருந்து கிடையாது. ஆகவே உளி நுனியில் படும்படி மெல்லிய தண்ணீர்ப் பீச்சல் எப்போதும் இருக்க வேண்டும். அதோடு முகத்தில் இறுகப் பொருந்தும் பி-100 வடிகட்டி கொண்ட ரப்பர் மாஸ்க். துண்டைக் கட்டிக்கொள்வதும் பச்சை நிறத் துணி மாஸ்க்கும் மனத்திருப்திக்கு மட்டும். தாடி இருந்தால் ரப்பர் மாஸ்க்கும் ஒழுகும்.

காதுக்கு அடைப்பானும் அதன் மேல் மூடியும் இரண்டும் வேண்டும். உள்ளே சத்தம் 100 டெசிபலைத் தாண்டும். வெளியே ஒருவர் மேன்ஹோல் அருகிலேயே நிற்க வேண்டும், டீ குடிக்கவும் போகாமல். உள்ளே ஆள் மயங்கினால் அவர் தானும் குதிக்கக் கூடாது. கயிற்றால் இழுப்பதும் உதவி கூப்பிடுவதும்தான் அவர் வேலை. இடுப்புக் கயிற்றின் மறுமுனை அவர் கையில் இருக்கட்டும். சித்திரை, வைகாசி வெயிலில் தகடு கையை வைக்க முடியாதபடி கொதிக்கும். விடியற்காலையில் தொடங்கி பத்து மணிக்குள் முடிப்பது நல்லது. 20 முதல் 30 நிமிடத்துக்கு ஒருமுறை ஆளை மாற்றுங்கள்.

*உடைக்கும் வரிசை:*

1. உள்ளே இறங்குமுன் வாய் வழியே விளக்கடித்துத் தலைக்கு மேல் தொங்கும் கட்டி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் டிரம்மைச் சுற்றி அதைக் கீழே கொண்டுவந்த பிறகே பூட்டுங்கள்.

2. இடுப்புக்குக் கீழே இருக்கும் பகுதியை மட்டும் உடையுங்கள். தோளுக்கு மேல் உளி போகக் கூடாது.

3. மேன்ஹோலைச் சுற்றியுள்ள இடத்தை முதலில் சுத்தமாக்குங்கள். அவசரத்தில் வெளியே வரும் வழி அதுதான்.

4. அங்கிருந்து முன்பக்கம், பிறகு வாய்ப்பக்கம். பிளேடு வெல்டிங்கின் அடியிலிருந்து தொடங்காமல், கட்டியின் விளிம்பிலிருந்து சில்லு சில்லாக எடுத்துவாருங்கள்.

5. அந்தப் பகுதி முடிந்ததும் கருவிகளோடு எல்லோரும் வெளியே வந்து, தலை எண்ணி, பூட்டை அவிழ்த்து, கால் சுற்று சுற்றி, மறுபடி முழுதாகப் பூட்டி, காற்று அளந்து, உள்ளே போங்கள். நான்கு பகுதிக்கும் இதே வரிசை. போகப்போக அலுப்பில் சங்கிலியைத் தவிர்ப்பார்கள். டிரம் நன்றாகச் சமநிலை இழந்திருப்பதும் பாதி வேலை முடிந்த அந்த நேரங்களில்தான்.

கருவி விஷயத்தில் பெரியது நல்லது என்ற எண்ணம் வேண்டாம். 7 முதல் 10 கிலோ எடையுள்ள காற்றுச் சுத்தியல் போதும். சாலை உடைக்கும் பிரேக்கரை உள்ளே கொண்டுபோனால் தகட்டில் பள்ளம் விழும், அந்தப் பள்ளமே அடுத்த படிவுக்குப் பிடிமானம். 50 முதல் 75 மி.மீ. அகலத் தட்டை உளியைத் தகட்டோடு 30 முதல் 45 டிகிரி சாய்வில் பிடித்து, கான்கிரீட்டைச் சீவி எடுக்க வேண்டும். செங்குத்தாகக் குத்தக் கூடாது. கூர்முனை உளி மிகக் கனத்த கட்டியைப் பிளக்க மட்டும். பிளேடை முட்டுக்கொடுத்து நெம்பாதீர்கள். பிளேடின் அடி வெல்டிங் விரிவது பெரும்பாலும் இப்படித்தான்.

தகடு பளிச்சென்று தெரியும்வரை விடமாட்டேன் என்று பிடிவாதம் பிடிக்க வேண்டாம். கடைசி 5 மி.மீ. தோலை விட்டுவிடுங்கள், ஜல்லிக் கழுவல் பார்த்துக்கொள்ளும். அதைச் சுரண்டப்போய்த்தான் 4 முதல் 6 மி.மீ. கனமே உள்ள தகடு ஓட்டையாகிறது.

உடைந்த துண்டுகளைக் கையளவுக்குச் சிறிதாக்கிய பிறகே, மூடியைப் போட்டு, 500 கிலோ ஜல்லியும் தண்ணீரும் ஏற்றிக் கொட்டும் திசையில் சுற்றி வெளியேற்றுங்கள். தேங்காய் அளவுக் கட்டிகள் பிளேடுக்கும் வாய்க்கும் இடையே சிக்கிக்கொள்ளும்.

உயர் அழுத்தத் தண்ணீர்ப் பீச்சல் வசதி கிடைத்தால் அதையே தேர்ந்தெடுங்கள். 1,000 பாருக்கு மேற்பட்ட அழுத்தத்தில் வாய் வழியே செருகிய சுழல் முனை கான்கிரீட்டைத் தகடு கெடாமல் உரிக்கும், ஆள் உள்ளே போக வேண்டியதில்லை. வாடகை அதிகம். இரண்டு மூன்று வண்டியைச் சேர்த்து ஒரே நாளில் முடித்தால் கட்டுப்படியாகும். அந்தப் பீச்சல் தோலில் பட்டு ஊசிக்குத்து அளவுக் காயம் மட்டும் தெரிந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். உள்ளே சதை கிழிந்திருக்கும்.

லோடோடு வண்டி நின்றுவிட்டால்

ரெடிமிக்ஸ் கான்கிரீட்டுக்கான தரநிலை ஐ.எஸ். 4926 ஏற்றியதிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் கொட்டச் சொல்கிறது. வழியில் பழுதாகி அந்த நேரம் நெருங்கினால் லோடைக் காப்பாற்றும் யோசனையை விட்டுவிட்டு டிரம்மைக் காப்பாற்றுங்கள். 6 கன மீட்டர் உள்ளேயே இறுகினால் 14 டன்னுக்கு மேல் ஒரே கல்.

டிரம் சுற்றுகிறது, வண்டி மட்டும் நகரவில்லை என்றால் சர்க்கரை போதும். கன மீட்டருக்கு ஒன்று முதல் ஒன்றரை கிலோ. 6 கன மீட்டருக்கு 6 முதல் 9 கிலோவை 30 லிட்டர் தண்ணீரில் முழுதாகக் கரைத்து ஊற்றி, முழு வேகத்தில் பத்து நிமிடம் சுற்றுங்கள். இறுகுவது பல மணி நேரம் தள்ளிப்போகும். இறுகத் தொடங்கியதைச் சர்க்கரை திரும்ப இளக்காது. கோலா பாட்டிலைக் கவிழ்க்கும் வழக்கமும் இருக்கிறது. இரண்டு லிட்டர் பாட்டிலில் சர்க்கரை 200 கிராம் சொச்சம்தான். 6 கிலோவுக்கு முப்பது பாட்டில் வாங்குவதற்குள் மளிகைக் கடைக்கே போய்வந்துவிடலாம். சர்க்கரை போட்ட கான்கிரீட் எந்தக் கட்டடத்துக்கும் போகக் கூடாது.

டிரம்மே சுற்றவில்லை என்றால் சர்க்கரை மேல்பரப்பில்தான் நிற்கும். அப்போது இன்னொரு மிக்சரைப் பக்கத்தில் கொண்டுவந்து, அதன் ஹைட்ராலிக் பம்ப் ஹோஸை இந்த வண்டியின் டிரம் மோட்டாருக்கு மாற்றிச் சுற்ற வேண்டும். அதற்கான ஹோஸும் கப்ளிங்கும் பிளான்டில் தயாராக இருந்தால் அரைமணி நேர வேலை. அதுவும் முடியாமல், மேன்ஹோல் அதிர்ஷ்டவசமாகக் கீழே இருந்தால் மூடியைத் திறந்து கொட்டலாம். முழுதும் இறுகிவிட்டால் டிரம் தகட்டை ஜன்னல் ஜன்னலாக வெட்டி, உடைத்து, திரும்ப வெல்டிங் செய்வதுதான் வழி. பழைய டிரம் என்றால் கூலி கணக்குப் பார்த்து மாற்றிவிடுவதே மேல்.

தினக் கழுவல்

ஒவ்வொரு லோடு கொட்டியதும் 150 முதல் 200 லிட்டர் தண்ணீர், முழு வேகத்தில் மூன்று நிமிடம். பிளான்டுக்கு வந்ததும் அதை வண்டல் தொட்டியில் கடைசிச் சொட்டு வரை கொட்ட வேண்டும். 200 லிட்டர் உள்ளே தங்கி, அதன் மேல் 6 கன மீட்டர் ஏற்றினால் கன மீட்டருக்கு 33 லிட்டர் கூடும். 350 கிலோ சிமெண்ட் உள்ள கலவையில் 0.45 ஆக இருந்த தண்ணீர்–சிமெண்ட் விகிதம் 0.54 ஆகிவிடும். வலிமைச் சோதனையில் க்யூப் (கான்கிரீட் மாதிரிக் கட்டி) தோற்றதும் எல்லோரும் சிமெண்டைத் திட்டுவார்கள்.

நாள் முடிவில் 200 முதல் 300 கிலோ ஜல்லி, 500 லிட்டர் தண்ணீர், 15 நிமிடம், அதில் மூன்று முறையாவது திசை மாற்றம். கடைசியில் டிரம்மைக் கொட்டும் திசையில் சுற்றவிட்டு வாய்ப்பக்கப் பிளேடுகளை ஹோஸால் கழுவுங்கள். கழுவிய நீரின் பி.எச். 12க்கு மேல் இருக்கும். வாய்க்காலில் விடாதீர்கள், கையுறை இல்லாமல் அளையாதீர்கள். ஹாப்பருக்கும் சூட்டுக்கும் டீசலோ பழைய இன்ஜின் ஆயிலோ பூசும் பழக்கம் ரப்பரைக் கெடுக்கும், கான்கிரீட்டிலும் கலக்கும். அச்சுப் பலகைக்குப் பூசும் எண்ணெய் போதும்.

உடைத்த பிறகு முதல் லோடு

மேன்ஹோல் மூடியைப் புது கேஸ்கட்டோடு போட்டு, போல்ட்டுகளைக் குறுக்கும் நெடுக்குமாக இறுக்குங்கள். அல்ட்ராசானிக் மீட்டரால் தகட்டுக் கனத்தை, முக்கியமாக டிரம்மின் நடுவயிற்றில், அளந்து எழுதிவையுங்கள். விரிந்த பிளேடு வெல்டிங்கை இப்போதே அடைத்துவிடுங்கள்.

முதல் இரண்டு லோடைப் பம்புக்கு அனுப்பாதீர்கள். எவ்வளவு கழுவினாலும் மூலையில் மறைந்த சில்லுகள் புதுக் கலவையோடு வரும், பம்ப் லைன் வளைவில் சிக்கி அடைத்துக்கொள்ளும். நேராகச் சூட்டில் கொட்டும் அடித்தளமோ பி.சி.சி. (கம்பி இல்லாத கான்கிரீட்) வேலையோ பார்த்து அனுப்பி, பிறகு வண்டியை எடைமேடையில் ஏற்றி, புதுக் காலி எடையைத் தேதியோடு லாக் புத்தகத்தில் எழுதுங்கள்.